மலைப் பெண்ணும் அரைப்பேரும்

சுமேரிய மொழியில் உழைக்கும் பெண்ணைக் குறிக்கும் சொல் ‘கெமெ’. ஆப்பெழுத்தில் அச்சொல்லை எழுதுவதற்கு இரண்டு குறிகளைச் சேர்த்தார்கள். ஒன்று பெண்ணைக் குறிப்பது. மற்றையது ‘குர்’ என்று ஒலிக்கப்படுவது. ‘குர்’ என்றால் மலை. மலைக்கு அப்பாலுள்ள அந்நிய நாடு என்றும் பொருள். யூப்பிரதீஸ், தைகிரிஸ் நதிகளுக்கு இடைப்பட்ட தென்சமவெளியில் மலையும் இல்லை, கல்லும் இல்லை. கிழக்கே இருந்த மலைநாடுகளிலிருந்து சிறைபிடித்து வரப்பட்ட பெண்களே ஆதியில் அங்கு அடிமை வேலை செய்திருக்க வேண்டும் என்றும், அந்த நினைவே எழுத்துருவில் தங்கிவிட்டது என்றும் அறிஞர்கள் கருதுகின்றனர். பின்னாளில் அந்தச் சமவெளியிலேயே பிறந்து வளர்ந்தவளையும் அதே குறியால்தான் எழுதினார்கள். உழைக்கும் பெண் என்றால் அவர்களுடைய எழுத்தில் அவள் மலைப் பெண்.

கொத்மலையில் இருந்துகொண்டு மெசொப்பொத்தேமியாவைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கும் நண்பர்களுக்கு இந்த ஒரு குறியே போதுமான பதில் என்று நினைக்கிறேன்.

ஆனால் நம்மவர்கள் சுமேரியாவைத் தேடிப் போவது வேறொரு காரணத்துக்காக. அங்கே ‘ஊர்’ என்று ஒரு நகரம் இருந்தது. நமக்கும் ஊர் உண்டு. ஆகவே சுமேரியர் தமிழரே என்று முடித்துவிடும் கட்டுரைகள் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு ஆண்டு தவறாமல் வந்துகொண்டிருந்தன. சுமேரியர் தமது நகரை அழைத்த பெயர் ‘ஊரிம்’. அவர்களது மொழி அறியப்பட்ட எந்த மொழிக் குடும்பத்தோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி என்பதே மொழியியலாளர்களின் பொதுவான முடிவு. தொடர்பே இல்லை என்பதல்ல. ஊர் நகரத்து அரச கல்லறைகளில் சிந்துவெளிப் பாணியில் வேலைப்பாடு செய்த செம்மணிகள் கிடைத்திருக்கின்றன. ‘மெலுஹா’ என்று ஆப்பெழுத்து ஏடுகள் குறிப்பிடும் நாடு சிந்துவெளியே என்று பெரும்பாலோர் கொள்கின்றனர். மெலுஹா மொழிக்கு ஒரு துபாஷி இருந்தான் என்பதற்கு அவனுடைய முத்திரையே சான்று. இவை வணிக உறவுகள். இரத்த உறவு தேடுவோருக்கு இவை போதா. எனக்கோ அந்த நகரங்களோடு உள்ள உறவு வேறோர் இடத்தில் தென்படுகிறது. அது பிரட்டுக்களத்தில் இருக்கிறது.

முதலில் அந்த நகரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். தெற்கே எரிது. 1946க்கும் 1949க்கும் இடையில் ஈராக்கிய ஆய்வாளர் ஃபுவாத் சஃபரும் செட்டன் லொயிட்டும் அங்கே அகழ்ந்தபோது, ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்பட்ட கோவில்களைக் கண்டார்கள். வானிலிருந்து அரசுரிமை முதலில் இறங்கிய இடம் எரிதுதான் என்பது சுமேரியரின் நம்பிக்கை. அடுத்து உருக். கி.மு. 3200 அளவில் உலகின் ஆகப் பெரிய நகரம் அதுவாகத்தான் இருந்திருக்கும். எழுத்து பிறந்ததும் அங்கேதான். பிறகு ஊர். 1922 முதல் 1934 வரை லெனார்ட் வூலி அங்கே நடத்திய அகழ்வில் புவாபி அரசியின் பொன்னணிகள் வெளிவந்தன. அரச கல்லறைகளில் உடன் புதைக்கப்பட்ட பணியாட்களின் எலும்புகளும் வெளிவந்தன. கி.மு. 2100 அளவில் ஊர்-நம்மு என்னும் மன்னன் அங்கே எழுப்பிய படிக்கோபுரத்தின் கீழ்த்தளம் இன்றும் நிற்கிறது. அதன் செங்கற்களில் அவனுடைய பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. உருக், ஊர், எரிது ஆகிய மூன்றும் தென்ஈராக்கின் சதுப்பு நிலங்களோடு சேர்த்து 2016இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

செங்கல்லில் மன்னன் பெயர் இருப்பது வியப்பல்ல. எல்லா நாட்டிலும் கட்டடத்தில் இருப்பது கட்டுவித்தவன் பெயர்தான். சுமேரியாவின் தனிச்சிறப்பு, அந்தச் செங்கல்லைச் சுமந்தவளின் பெயரும் வேறோர் இடத்தில் எழுதப்பட்டிருப்பது.

உருக்கில் கிடைத்த ஆதி ஏடுகள் ஏறத்தாழ ஐயாயிரம். அவற்றில் காவியம் இல்லை, துதிப்பாடல் இல்லை, மன்னர் புகழும் இல்லை. மிகப் பெரும்பான்மையானவை கணக்குகள். வாற்கோதுமை எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற கணக்குகள். எழுத்து என்னும் மகத்தான கண்டுபிடிப்பு கவிஞனிடமிருந்து வரவில்லை, கணக்கப்பிள்ளையிடமிருந்தே வந்தது. உருக் அகழ்வில் கரடுமுரடான மண்கிண்ணங்கள் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. வேலையாட்களுக்குப் படியளக்கப் பயன்பட்டவை அவை என்பது பலரது கருத்து. ‘உண்’ என்ற சொல்லுக்கான ஆதிக்குறி, ஒரு மனிதத் தலையும் அதனருகே ஒரு கிண்ணமும் ஆகும்.

இதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், ஊர்-நம்மு தொடக்கிய மூன்றாம் ஊர் வம்சத்தின் காலத்தில் (ஏறத்தாழ கி.மு. 2112 – 2004) இந்தக் கணக்கெழுத்து உச்சத்தை அடைந்தது. கிர்சு, உம்மா போன்ற நகரங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான ஏடுகள் வந்திருக்கின்றன. ஒரு நூற்றாண்டுக்குச் சற்று அதிகமாக மட்டுமே நிலைத்த ஆட்சி விட்டுச்சென்ற ஏடுகளின் தொகை ஏறத்தாழ ஒரு லட்சம் என்று மதிப்பிடப்படுகிறது. அவற்றைப் படித்தவர்கள் தரும் விவரங்களைக் கவனியுங்கள். ஆணுக்கு மாதம் 60 சிலா வாற்கோதுமை. பெண்ணுக்கு 30 சிலா. பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ப 10 முதல் 20 வரை. ஒரு சிலா ஏறத்தாழ ஒரு லீற்றர். வேலையாட்கள் ஒரு மேற்பார்வையாளனின் கீழ்க் குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். அவனுக்குப் பெயர் ‘உகுலா’. பட்டியல்கள் அவனுடைய பெயரின் கீழ்தான் எழுதப்பட்டன. வேலையாளின் பெயருக்கு முன்னே அவரது வேலைத்திறன் குறிக்கப்பட்டது. முழு ஆள், அரை ஆள், மூன்றிலொரு ஆள். சிலரது பெயருக்கு எதிரே ‘நோய்’ என்றும், சிலரது பெயருக்கு எதிரே ‘இறப்பு’ என்றும், இன்னும் சிலரது பெயருக்கு எதிரே ‘ஓடியவர்’ என்றும் எழுதியிருக்கிறது.

மலையகத்தில் பிறந்த எவருக்கும் இந்தப் பட்டியல் அந்நியமாகத் தோன்றாது. உகுலாவைக் கங்காணி என்றும், ஏட்டைச் செக்றோல் என்றும், வாற்கோதுமையை அரிசி என்றும் மாற்றிவிட்டால் அது நமது தோட்டம். நமது தோட்டப் பேச்சில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு என்பதை வெளியூர் வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். ஒரு நாள் வேலை செக்றோலில் பதிவாவதுதான் பேர். நாளின் முடிவில் நிறுவையில் கொழுந்து குறைந்துபோனால் விழுவது ‘அரைப்பேர்’. உழைப்பையும் பெயரையும் ஒரே சொல்லாக்கிய மக்கள் நாம். அந்த அரைப்பேர் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உம்மா நகரத்துக் களிமண்ணில் எழுதப்பட்டிருக்கிறது.

ஆணுக்கும் பெண்ணுக்குமான வேற்றுமையும் அப்படியே. இலங்கையில் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை விதித்த சட்டம் 1927இல் வந்தது. அதன்படி 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி, மேல்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். அரிசியும் அந்தக் கணக்கில் அடங்கியது. கொழுந்து பறித்து இந்த நாட்டின் அந்நியச் செலாவணியை ஈட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளம் கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிர்சு மாகாணத்தின் நெசவுச் சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள், தமது பிள்ளைகளோடு, உகுலாக்களின் கீழ் கம்பளி நெய்தார்கள். சுமேரியா தூரதேசங்களுக்கு அனுப்பிய துணிகள் அவர்களுடைய கைவேலை. அவர்களுக்கு அளக்கப்பட்டதோ ஆணின் படியில் பாதி.

கடனும் பொதுவானது. உம்மாவில் மாவரைக்கும் பெண்களின் மேற்பார்வையாளனிடம் ஆண்டு தொடங்கும்போதே இத்தனை ஆள்-நாள் வேலை வரவேண்டும் என்று பற்று எழுதினார்கள். ஆண்டு முடிவில் வேலை குறைந்தால், குறை அடுத்த ஆண்டுக் கணக்கில் முதல் வரியாக ஏறியது. அவன் இறந்தால் நிலுவைக்காக அவனது வீட்டுச் சொத்து பறிமுதலானதையும் ஏடுகள் சொல்கின்றன. நமது நாட்டில் கங்காணியின் பெயரிலும் அவனது ஆட்களின் பெயரிலும் உள்ள கடனை எழுதிய தாளுக்குத் ‘துண்டு’ என்று பெயர். அந்தத் தொகையை வேறொரு தோட்டம் கட்டினால், ஆட்கள் கடனோடு சேர்ந்து அந்தத் தோட்டத்துக்குக் கைமாறினார்கள். துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு. கெமெக்கள் அனைவரும் அடிமைகளா, ஒரு பகுதியினர் கோவிலையும் அரண்மனையையும் சார்ந்து வாழ்ந்த ஏழைகளா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேற்றுமை இருக்கிறது. நமது முன்னோர் கடனுக்குக் கட்டுப்பட்டு வந்தவர்கள், கொள்முதல் செய்யப்பட்டவர்கள் அல்லர். பின்னாளில் தொழிற்சங்கம் கட்டினார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள், வாக்களித்தார்கள், அந்த வாக்கைப் பறிகொடுக்கவும் செய்தார்கள். ஆகவே இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நான் சொல்ல வந்தது, இரண்டு இடத்திலும் பெயர் எழுதப்பட்ட விதம் ஒன்று. அந்தப் பெயருக்குப் பின்னர் நேர்ந்த கதி வேறு என்பதே.

சுமேரியர் ஓர் அரசர் பட்டியலையும் விட்டுச்சென்றார்கள். அதன்படி எரிதுவின் முதல் மன்னன் அலுலிம் 28,800 ஆண்டுகள் ஆட்சி புரிந்தான். அதை யாரும் நம்புவதில்லை. ஆனால் ஒரு நெசவுக்காரி குறிப்பிட்ட ஒரு மாதத்தில் 30 சிலா வாற்கோதுமை பெற்றாள் என்று எழுதியிருந்தால் அதை எல்லோரும் நம்புகிறார்கள். எவரையும் புகழ்வதற்காக எழுதப்படாத ஏடு என்பதால் அதற்கு அந்த மதிப்பு. இன்று மெசொப்பொத்தேமிய நாகரிகத்தின் பொருளாதாரம், குடும்பம், உணவு, நோய் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இத்தகைய ஏடுகளின் கொடை.

நமது நாட்டுத் தோட்ட வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேர்குசன் குடும்பத்தார் வெளியிட்டுவந்த இலங்கைக் கையேடுகளில் தோட்டத்தின் பெயர் உண்டு, ஏக்கர் கணக்கு உண்டு, உரிமையாளர் பெயர் உண்டு, துரையின் பெயர் உண்டு. தொழிலாளியின் பெயர் இல்லை. துரைமார் எழுதிய நினைவு நூல்களிலும் அவன் பொதுப்பெயராலேயே குறிக்கப்படுகிறான். அவனுடைய பெயர் இருந்த ஒரே ஏடு செக்றோல். அதனோடு பிறப்பு இறப்புப் பதிவுகளையும் கடன் கணக்கையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த ஏடுகளின் அருமையை நமது மக்கள் கண்ணீரோடு அறிந்த காலம் ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள், இத்தனை ஆண்டுகள் இந்த நாட்டில் இடைவிடாது வாழ்ந்தோம் என்பதை எழுத்தில் காட்ட வேண்டியிருந்தது. எழுதப் படிக்க வாய்ப்பளிக்கப்படாத மக்களிடம் கேட்கப்பட்டது எழுத்துச் சான்று. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. உரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரம் பேர். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் எஞ்சியோரை எண்களாகப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரின் விதி பின்னர் தீர்மானிப்பதற்கென ஒதுக்கப்பட்டது. இந்த அவலம் சட்டப்படி தீர்ந்தது 2003இல். ஏட்டில் பெயர் இருப்பதும் இல்லாமற் போவதும் வெறும் ஆராய்ச்சிப் பொருள் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

களிமண்ணுக்கு ஒரு குணம் உண்டு. கி.மு. 612இல் நினிவே நகரம் எரிந்தபோது அங்கிருந்த அசுர்பனிபாலின் நூலகமும் எரிந்தது. தீ மண்ணேடுகள் பலவற்றைச் சுட்டுக் கெட்டியாக்கியது. நகரை அழித்த நெருப்பே ஏட்டைக் காத்தது. நமக்கு வாய்த்தது தாள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்த தீ எதையும் சுட்டுக் கெட்டியாக்கவில்லை. தோட்டத்துத் தாளுக்கோ தீயும் தேவையில்லை. மழையும் கறையானும் போதும். 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் மீண்டும் தனியார் முகாமைத்துவத்துக்கு வந்தன. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் பழைய ஏடுகளுக்குப் பொறுப்பானவர் மாறினார். பத்திரிகைப் பணியில் இருந்த காலத்தில் ஒரு தோட்ட அலுவலகத்தின் பின்புறம் பழைய செக்றோல்கள் மழையில் நனைந்து குழைந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாள்களில் மை கரைந்து நீலமாக வழிந்துகொண்டிருந்தது.

நீர் ஒரு மரபை எவ்வாறு மூடும் என்பதைக் கொத்மலையார் நேரில் கண்டவர்கள். மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் ஓர் அங்கமாக 1979இல் தொடங்கிய கொத்மலை அணை 1985இல் நிறைவுற்றது. ஏறத்தாழ 3000 குடும்பங்கள் பள்ளத்தாக்கிலிருந்து பெயர்ந்தன. விகாரைகளும் வயல்களும் நீருக்குள் போயின. வரட்சிக் காலங்களில் நீர்மட்டம் தாழும்போது கடதொர விகாரையின் இடிபாடுகள் இன்றும் தலைகாட்டுகின்றன. மூழ்கிய விகாரைகளின் நினைவாக மகாவலி மகாசேயா குன்றின்மேல் வெண்மையாக எழுந்து நிற்கிறது. அது நியாயமான நினைவுச் சின்னம். மெசொப்பொத்தேமியாவிலும் அதே பத்தாண்டுகளில் அதுவே நடந்தது. சிரியாவில் யூப்பிரதீஸை மறித்துக் கட்டிய தப்கா அணை, உருக் காலத்து நகரமான ஹபூபா கபீராவை மூழ்கடித்தது. ஈராக்கில் ஹம்ரின், ஹதீதா, மோசுல் அணைகள் எண்ணற்ற தொல்மேடுகளை விழுங்கின. ஆனால் அங்கே நீர் வருமுன் பல நாட்டு ஆய்வாளர்கள் விரைந்து சென்று, தோண்டி, அளந்து, எழுதிவைத்தார்கள். மூழ்கப்போவதை முதலில் எழுதிக்கொள் என்பது அவர்கள் கற்றுக்கொண்ட பாடம். 

எழுதிவைத்ததும் நிரந்தரம் அல்ல என்பதையும் ஈராக்கே காட்டியது. 2003 ஏப்ரலில் பக்தாத் நூதனசாலை சூறையாடப்பட்டு ஏறத்தாழ 15,000 பொருள்கள் களவுபோயின. உம்மா நகரத்து மேடுகளைக் கொள்ளையர் குழிகுழியாகத் தோண்டினார்கள். எனினும் முன்னரே படியெடுக்கப்பட்ட ஏடுகளின் வாசகம் தப்பியது. இன்று பல நாட்டு நூதனசாலைகளில் சிதறிக்கிடக்கும் ஏடுகளின் படங்களை இணையத்தில் யாரும் பார்க்கலாம். பூண்டுலோயாவில் கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒரு மாணவி, நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய நெசவுக்காரியின் பெயரைக் கண்ணால் காணலாம். தன் பாட்டியின் பாட்டி எந்தத் தோட்டத்தில், எந்தக் கங்காணியின் கீழ்ப் பேர் பதிந்தாள் என்று தேட அவளுக்கு வழியில்லை.

வழி அடைபட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். பூண்டுலோயாவுக்கு அருகில் மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, எழுதப்படாத நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்துத் தனியொருவரால் என்ன இயலும் என்பதைக் காட்டிச் சென்றார். கம்பளைக்கு அருகில் பழைய பீகொக் தோட்டத்தின் லயத்திலேயே, சமூக அபிவிருத்தி நிறுவகம் தொழிலாளருக்கென ஓர் அரும்பொருளகத்தையும் ஆவணக் காப்பகத்தையும் 2007இல் திறந்தது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஏற்றி வருகிறது. தோட்ட ஏடுகளுக்கும் அத்தகைய முயற்சி வேண்டும். எஞ்சியுள்ள செக்றோல்கள், பிறப்பு இறப்புப் பதிவேடுகள், பிரஜாவுரிமை விண்ணப்பக் கோப்புகள், வீடுகளில் தகரப் பெட்டிக்குள் கிடக்கும் துண்டுகள், கடவுச்சீட்டுகள் யாவும் படியெடுக்கப்பட வேண்டும். கம்பனிகள் அவற்றைக் கழிவுத்தாளாகக் கருதுவதைத் தடுக்கத் தேசிய சுவடிகள் திணைக்களமும், மலையகப் பிரதிநிதிகளும், பல்கலைக்கழகங்களும் ஒன்றுசேர வேண்டும். 2023இல் மலையக மக்களின் இருநூறு ஆண்டுகளை மேடைகளில் நினைவுகூர்ந்தோம். மேடைப் பேச்சை விட ஒரு செக்றோல் பக்கம் அதிக காலம் பேசும்.

அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டிலுள்ள மூத்தவரை அருகில் இருத்தி, அவருடைய தாய், பாட்டி ஆகியோரின் பெயர்களையும், தோட்டத்தின் பெயரையும், டிவிஷனையும், லயத்தையும், செய்த வேலையையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். சுமேரியக் கணக்கன் எழுதியதும் அவ்வளவுதான். பெயர், வேலை, படி, மாதம். அவன் தன் மலைப் பெண்ணுக்கு அரைப்படிதான் அளந்தான். ஆனால் அவளுடைய பெயரை முழுதாக எழுதினான்.